பட்டுக்கோட்டையாரின் பாடல்கள் ஒரு பென்டிரைவில்: மதிப்புரை

பழைய பாடல்களைத் தொகுத்துக் கடைகளில் விற்கும் பென்டிரைவ்களில் பெரும்பாலானவை நடிகரின் பெயரிலோ பாடகரின் பெயரிலோதான் வருகின்றன. எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள், சிவாஜி சோகப் பாடல்கள், டி.எம்.எஸ். சிறப்புப் பாடல்கள் என்று ஒரு வரிசையே தொங்கும் இடத்தில் பாடலாசிரியர் ஒருவரின் பெயரைத் தேடினால் கண்ணதாசன், வாலி, வைரமுத்து என்ற மூவரைத் தாண்டுவது அரிது. அந்த நிலையில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் படத்தை அட்டையில் போட்டு, அவர் எழுதிய பாடல்கள் மட்டும் என்ற உறுதிமொழியோடு ஒரு தொகுப்பு விற்பனைக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கது. வெளியிட்டவரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே பாடல்களை இதே வரிசையில் வேறு வேறு அட்டைகளில் பலர் விற்கிறார்கள் என்பதால், கீழே சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல.

முதலில் பொருளைப் பற்றி. விரல் நீளமுள்ள சாதாரண பென்டிரைவ், மடித்து வைத்த ஒரு தாள், அட்டைப்பெட்டி ஆகியவைதான் உள்ளன. காரிலுள்ள ஸ்டீரியோ, வீட்டுத் தொலைக்காட்சி, பழைய டிவிடி பிளேயர் ஆகிய மூன்றிலும் தடையின்றி ஓடுகிறது. கோப்புகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்திருப்பது பலருக்கு எரிச்சலாக இருக்கலாம். ஆனால் கார் ஸ்டீரியோக்களில் கணிசமானவை தமிழ் எழுத்தைக் கட்டங்களாகக் காட்டும் என்பதால் அந்த முடிவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குறை சொல்ல வேண்டியது அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 320 கேபிபிஎஸ் (ஒலிக்கோப்பின் தரத்தைக் குறிக்கும் எண்) என்ற விளம்பரத்தைத்தான். 1950களில் மோனோவாகப் பதிவாகி, கிராமபோனின் அரக்குத் தட்டில் அச்சாகி, அதிலிருந்தோ தேய்ந்த திரைப்படச் சுருளிலிருந்தோ எடுக்கப்பட்ட ஒலிக்கு அந்த எண்ணால் எந்த நன்மையும் விளையாது. மூலத்தில் இல்லாத துல்லியத்தை எந்தக் கோப்பு வடிவமும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

கல்யாணசுந்தரம் 1930 ஏப்ரல் 13 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து, 1959 அக்டோபர் 8 அன்று, முப்பது வயது நிறையும் முன்பே காலமானார். திரைப்படத்துக்கு அவர் எழுதியது ஐந்தாண்டு அளவிலேயே. பாடல்களின் எண்ணிக்கை இருநூறைத் தொடவில்லை. ஆயிரக்கணக்கில் எழுதியவர்களின் தொகுப்பில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சிக்கல் எழும். இவருடைய தொகுப்பிலோ, தொகுப்பாளர் மனம் வைத்தால் ஏறக்குறைய முழுவதையும் ஒரே பென்டிரைவில் கால வரிசைப்படி அடுக்கிவிடலாம். அப்படி அடுக்கியிருந்தால், ஐந்தே ஆண்டுகளில் ஒரு கவிஞரின் கை எப்படித் தேர்ந்தது என்பதைக் காதாலேயே பின்தொடர முடிந்திருக்கும். இத்தொகுப்பின் ஆகப்பெரிய குறை, அந்த அரிய வாய்ப்பைத் தவறவிட்டிருப்பதுதான். பாடல்கள் புகழ் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன: முதலில் "தூங்காதே தம்பி தூங்காதே", அடுத்து "சின்னப்பயலே சின்னப்பயலே", பின்னர் கல்யாணப் பரிசு பாடல்கள் என்று போய், தொடக்க காலப் பாடல்கள் கடைசியில் ஒதுக்கித் தள்ளப்பட்டிருக்கின்றன. வாங்குபவர்களில் பாதிப்பேர் அந்த இடம்வரை கேட்கவே மாட்டார்கள்.

அப்படி ஒதுக்கப்பட்ட தொடக்க காலப் பாடல்களுக்காகவே இதை வாங்கலாம் என்று சொல்வேன். 1955இல் வெளிவந்த மகேஸ்வரி, 1956இல் வெளிவந்த படித்த பெண், பாசவலை ஆகியவை அவருடைய முதல் படங்களைச் சேர்ந்தவை. திரைக்கு வருமுன்பே அவர் விவசாய இயக்கத்தில் ஈடுபட்டவர். நாடகக் குழுவில் நடித்தவர். புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து எழுத்துப் பழகியவர். கம்யூனிஸ்ட் கட்சி இதழான ஜனசக்தியில் கவிதை எழுதியவர். அவருடைய தந்தை அருணாசலம் முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி பாடியவர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஆகவே கும்மிக்கும் தெம்மாங்குக்கும் உரிய சந்தம் சினிமாவில் கற்றுக்கொண்டதாக இல்லாமல், வீட்டிலேயே காதில் விழுந்ததாக இருந்தது. பெட்டியில் மடித்து வைத்த தாள் இவற்றில் எதையும் சொல்லவில்லை. "மக்கள் கவிஞர்" என்ற பட்டத்தை நான்கு முறை அச்சிட்டிருக்கிறது. அந்தப் பட்டம் எந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

பாசவலை படத்தின் "உனக்கெது சொந்தம் எனக்கெது சொந்தம்" பாடலைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த படம், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, பாடியவர் சி.எஸ். ஜெயராமன். புதுக்கவிஞர் ஒருவரின் பாட்டை வாங்கிப் பார்ப்பதற்கே தயங்கியதையும், "குட்டி ஆடு தப்பி வந்தா குள்ள நரிக்குச் சொந்தம்" என்ற வரியைப் படித்தபின் வியந்துபோனதையும் விஸ்வநாதன் பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார். அந்த வரியில் நடப்பதைக் கவனியுங்கள். இங்கே ஆட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளும் நரி, அடுத்த வரியில் தானே மாட்டிக்கொள்ளும்போது குறவனுக்குச் சொந்தமாகிறது. நிலையாமை என்றோ உடைமை என்றோ ஒரு சொல்லைக்கூடப் பயன்படுத்தாமல், கிராமத்துக் குழந்தைக்குத் தெரிந்த இரண்டு விலங்குகளையும் ஒரு வேட்டைக்காரரையும் வைத்தே ஒரு சித்தாந்தத்தைச் சொல்லி முடிக்கிறார். ஜெயராமனின் குரல் இயல்பாகவே மூக்கடைத்த சாயலும் கனமும் கொண்டது. பாட்டின் கேலியை அவர் சிரித்துச் சொல்லாமல், தீர்ப்புச் சொல்வதுபோல் நிறுத்திச் சொல்கிறார். புத்தகத்தில் படிக்கும்போது துள்ளலாகத் தோன்றும் வரிகள் தட்டில் கேட்கும்போது கசப்பாகின்றன. அந்த வேறுபாட்டை உணர்வதற்குத்தான் பழைய ஒலிப்பதிவு தேவைப்படுகிறது.

இத்தொகுப்பில் உள்ள பிரதியில் அந்தக் கசப்பில் கால்வாசி காணாமல் போயிருக்கிறது. இரைச்சலை நீக்குகிறோம் என்று மென்பொருளில் போட்டு வடிகட்டியதில், அரக்குத் தட்டின் சரசரப்போடு சேர்த்து "ச", "த" போன்ற எழுத்துகளின் கூர்மையும் தபலாவின் விளிம்பொலியும் வடிந்துவிட்டன. போதாக்குறைக்கு, ஒரே குழாயிலிருந்து வந்த மோனோ ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒருபக்கம் சற்றுத் தாமதமாக எதிரொலிக்கும்படி செய்து, ஸ்டீரியோ போலக் காட்டியிருக்கிறார்கள். கார் கதவிலிருக்கும் ஸ்பீக்கரில் இது பெரிதாக உறுத்தாது. ஹெட்போனில் கேட்டால் பாடகர் கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. எழுத்துக்காகவே நினைவுகூரப்படும் ஒருவரின் பாடலில் சொல் தெளிவைக் காவுகொடுத்து இரைச்சலைக் குறைப்பது எந்த வகையில் நியாயம் என்பதை இத்தகைய தொகுப்பாளர்கள் யோசிக்க வேண்டும். சரசரப்போடு கேட்க யாரும் மறுக்கப்போவதில்லை.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம்தான் பதிவாகும். அதனால் படத்தில் நீளமாக வரும் பாடல் தட்டில் சுருக்கப்படும். அல்லது இரண்டு பக்கங்களாகப் பிரிக்கப்படும். இத்தொகுப்பில் சில பாடல்கள் தட்டிலிருந்தும் சில படச்சுருளிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கின்றன. எது எதிலிருந்து வந்தது என்ற குறிப்பு எங்கும் இல்லை. "காடு வெளஞ்சென்ன மச்சான்" பாடலைக் கேட்டபோது இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. நாடோடி மன்னனில் டி.எம். சௌந்தரராஜனும் பானுமதியும் பாடியது. பெண் கேட்க ஆண் விடை சொல்வதாக அமைந்த உரையாடல் பாட்டு. நிலத்தைக் கொத்தி, ஏர் நடத்தி, விளைவித்து முடிக்கும்வரை உள்ள உழைப்பை வரிசையாகச் சொல்லும் "சும்மா கெடந்த நெலத்தைக் கொத்தி" என்ற முன்பகுதி முழுவதும் வந்தால்தான், இத்தனையும் செய்தபின் நமக்கு மிச்சம் கையும் காலும்தானே என்ற கேள்வி சுருக்கென்று தைக்கும். இங்குள்ள பிரதியோ நேராகக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. உழைப்பைக் கேட்காத காதுக்கு அந்தக் கேள்வி வெறும் பல்லவியாகப் போய்விடுகிறது.

1957ஆம் ஆண்டுப் பாடல்கள்தான் இத்தொகுப்பின் சிறந்த பகுதி. ஒலியும் ஓரளவு தப்பியிருக்கிறது. மகாதேவியில் "குறுக்கு வழியில் வாழ்வு தேடிடும்", "தாயத்து தாயத்து"; சக்கரவர்த்தித் திருமகளில் ஜி. ராமநாதன் இசையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய "பொறக்கும்போது பொறந்த குணம்", புதையலில் பி. சுசீலா பாடிய "சின்னச் சின்ன இழை", சந்திரபாபு பாடிய "உனக்காக எல்லாம் உனக்காக". ஒரே ஆண்டில் தெருவில் தாயத்து விற்பவன், நெசவாளி, வழிப்போக்கன், காதலில் கோமாளியான இளைஞன் என்று எத்தனை பேருடைய வாயில் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். இவற்றுள் "சின்னச் சின்ன இழை" தனித்துக் கேட்க வேண்டியது. "சின்னச் சின்ன இழை பின்னிப் பின்னி வரும் சித்திரக் கைத்தறிச் சேலையடி" என்ற பல்லவியில் சொற்கள் இரட்டித்து இரட்டித்து வருவது, தறியில் நாடா இடமும் வலமுமாக ஓடும் கதியோடு இணைந்துவிடுகிறது. கைத்தறியை ஆதரிக்கச் சொல்லும் மேடைப் பேச்சாக முடிந்திருக்கக்கூடிய ஒரு பொருளை, தறியின் ஓசையை வைத்தே பாட்டாக்கியிருக்கிறார். சுசீலாவின் குரல் அப்போது இன்னும் இளமையானது. "இழை" என்ற சொல்லில் ழகரத்தை அவர் உச்சரிக்கும் சுத்தத்தை, தாய்மொழி தெலுங்கு என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால், கூடுதலாக ரசிக்கலாம்.

1958இல் வந்த பதிபக்தி பாடல்களில் "சின்னஞ்சிறு கண்மலர்" மட்டும் இடம்பெற்றிருக்கிறது. தாலாட்டுக்குள் சமூகக் கோபத்தை நுழைக்காமல், தாலாட்டைத் தாலாட்டாகவே எழுதவும் தெரிந்தவர் என்பதற்கு அது சான்று. அந்தப் படத்தின் ஏனைய பாடல்களையும் சேர்த்திருக்கலாம்.

கல்யாணப் பரிசுக்கு வரும்போது தொகுப்பாளரின் அலட்சியம் வெளிப்படையாகிறது. 1959 ஏப்ரலில் வெளியான இந்தப் படம் ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். பாடகராகப் பெயர் பெற்றிருந்த ஏ.எம். ராஜா இசையமைத்தார், பாடல்கள் அனைத்தும் கல்யாணசுந்தரம் எழுதியவை. உழைப்பாளர் பாட்டு எழுதுபவர் என்று முத்திரை குத்தப்பட்டவரிடம் ஒரு முழுக் காதல் கதையைக் கொடுத்ததும், "வாடிக்கை மறந்ததும் ஏனோ" போன்ற, அன்றாடப் பேச்சின் இழைகளால் நெய்த பாட்டை அவர் தந்ததும் தமிழ்த் திரைப்பாட்டு வரலாற்றில் முக்கியமான நிகழ்வு. படத்தின் அமைப்பே இணைப்பாடல்களால் ஆனது. தீபாவளி மகிழ்ச்சியில் சுசீலா பாடும் "உன்னைக் கண்டு நான் ஆட", பின்னர் ராஜாவின் குரலில் "உன்னைக் கண்டு நான் வாட" என்று திரும்பி வருகிறது. "காதலிலே தோல்வியுற்றாள்" என்று பெண்ணுக்கும் "காதலிலே தோல்வியுற்றான்" என்று ஆணுக்கும் பாட்டு உண்டு. ஓரிரு எழுத்தை மாற்றி, அதே சந்தத்தில் மனநிலையைத் தலைகீழாக்கும் திறமை இதில்தான் தெரியும். இத்தொகுப்பில் ஒவ்வொரு இணையிலும் ஒன்றுதான் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஒரே பாடல் இருமுறை வந்துவிட்டது என்று நினைத்து யாரோ நீக்கியிருக்கிறார்கள் போலும். ஜிக்கி பாடிய "துள்ளாத மனமும் துள்ளும்" நல்ல நிலையில் இருப்பது ஆறுதல்.

இனி, மன்னிக்க முடியாத குறைக்கு வருகிறேன். "அவர் எழுதிய பாடல்கள் மட்டும்" என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் இத்தொகுப்பில் அவர் எழுதாத பாடல்கள் இருக்கின்றன. "மணப்பாறை மாடு கட்டி" அ. மருதகாசி எழுதியது, 1957இல் வெளிவந்த மக்களைப் பெற்ற மகராசி படத்தில் கே.வி. மகாதேவன் இசையில் வந்தது. "கடவுள் என்னும் முதலாளி" பாடலும் மருதகாசியுடையதே; அது இடம்பெற்ற விவசாயி வெளியானது 1967இல். இந்த இரண்டும் பட்டுக்கோட்டையார் பெயரில் இங்கே சேர்க்கப்பட்டிருக்கின்றன. புதையலில் ஜெயராமனும் சுசீலாவும் பாடிய "விண்ணோடும் முகிலோடும்" எம்.கே. ஆத்மநாதன் எழுதியது; அதுவும் உள்ளே வந்துவிட்டது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாததல்ல. அக்காலப் படங்களுக்குப் பல கவிஞர்கள் சேர்ந்து எழுதினார்கள். நாடோடி மன்னனுக்கே பட்டுக்கோட்டையாரோடு சுரதா, ஆத்மநாதன், முத்துக்கூத்தன் முதலானோர் எழுதியிருக்கிறார்கள். "கண்ணில் வந்து மின்னல் போல்" சுரதாவுடையது. படத்தின் எழுத்தோட்டத்தில் கவிஞர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருமே தவிர, எந்தப் பாட்டு யாருடையது என்று வராது. அதற்குமேல், ஏர், கலப்பை, உழைப்பு என்று ஒரு சொல் காதில் விழுந்தாலே பட்டுக்கோட்டையார் என்று முடிவுகட்டும் வழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. இது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறார்கள். உண்மையில் மருதகாசிக்குச் செய்யும் அநீதி அது. வயலையும் மாட்டையும் பற்றி மருதகாசி எழுதிய பாட்டில் வேலையின் ஒழுங்கும் விளைச்சலின் மகிழ்ச்சியும் மேலோங்கி நிற்கும். பட்டுக்கோட்டையாரின் பாட்டில் விளைந்தது யாருக்குப் போகிறது என்ற கேள்வி வந்து நிற்கும். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்கும் ஒருவருக்கு வேறுபாடு சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும். தொகுப்பாளர் அப்படிக் கேட்கவில்லை என்பதுதான் வருத்தம். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வெளியிட்டுள்ள பாடல் தொகுப்பு கடைகளில் கிடைக்கிறது. அதை ஒருமுறை புரட்டியிருந்தாலே போதும்.

இணையப் பாடல் செயலிகள் இதைவிட மேல் என்று சொல்ல வரவில்லை. அங்கே பாடலாசிரியர் பெயரில் தேடினால், பாடல்கள் சரியாக வந்தாலும், படத்தின் ஆண்டு என்ற இடத்தில் மறுவெளியீட்டுத் தொகுப்பின் ஆண்டு நிற்கும்; 1957ஆம் ஆண்டுப் பாட்டு 2000க்குப் பிந்தையது போலக் காட்சியளிக்கும். மேலும் புகழ்பெற்ற இருபது முப்பது பாடல்களைத் தாண்டி உள்ளே போவதற்கு அங்கும் வழியில்லை.

ஏன் இத்தனை பேர் இதே தொகுப்பை விற்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். ஆகவே 1959 வரை வெளியான தட்டுகளுக்கு அது 2019 முடிவோடு தீர்ந்துவிட்டது. கவிஞரின் எழுத்துகள் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. ஆனால் மெட்டுக்கான உரிமை தனி. அது இசையமைப்பாளர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் தொடரும். ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும்தான் மறைந்தார்கள். கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

அவர் மறைந்த பின் வெளியான படங்களின் பாடல்களும் தொகுப்பில் இருக்கின்றன. 1960இல் வந்த ஆளுக்கொரு வீடு படத்தின் "செய்யும் தொழிலே தெய்வம்", 1961 தொடக்கத்தில் வந்த அரசிளங்குமரியின் "சின்னப்பயலே சின்னப்பயலே" ஆகியவை அவை. பின்னதைச் சிறுவனுக்குச் சொல்லும் அறிவுரையாக மட்டும் கேட்டுப் பழகியவர்கள், ஜி. ராமநாதன் அதற்குப் போட்டிருக்கும் மெட்டில் எங்கும் கண்டிப்பு இல்லை என்பதைக் கவனிக்கலாம். சௌந்தரராஜனும் குரலை உயர்த்தவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசும் தகப்பனின் நிதானத்தில் பாடுகிறார். இந்தப் பிரதியில் மட்டும் வடிகட்டும் வேலை எதுவும் நடக்கவில்லை போலிருக்கிறது. சரசரப்பு முழுதாக இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் முழுதாகக் கேட்கிறது.

பட்டுக்கோட்டையாரின் பத்துப் பாடல்களை அறிந்து, இன்னும் கேட்க விரும்பும் ஒருவர் விலையைப் பார்க்காமல் இதை வாங்கலாம். பாடல்களை ஆராய்ந்து எழுத நினைப்பவரும் ஆசிரியர்களும் இதை மட்டும் நம்பக் கூடாது. வாங்குபவர்கள் முதல் வேலையாகப் பென்டிரைவைக் கணினியில் போட்டு, மேலே சொன்ன, அவர் எழுதாத மூன்று பாடல்களையும் தனியே ஒரு கோப்புறைக்கு மாற்றிவிட்டு, மீதமுள்ள ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் முன்னால் படம் வெளியான ஆண்டைச் சேர்த்துவிடுவது நல்லது. கார் ஸ்டீரியோ எண் வரிசையில்தான் பாடும். அதன்பின் அது மகேஸ்வரி காலத்திலிருந்து தொடங்கி அரசிளங்குமரிவரை தானாகவே ஒழுங்காகப் போகும்.